கடிகாரம் காட்டிக்கொடுத்த சிரிப்பு

எனக்கு மன்னிக்கத் தெரியாது. பாடப்புத்தகத்தில் மன்னிப்பைப் பற்றிப் பாடம் வந்தால் ஒழுங்காக நடத்திவிடுவேன். அதோடு சரி.

திருவொற்றியூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. எதைப் பற்றிப் பேசினாலும் முதலில் வீட்டுப் பேச்சில் சொல்ல வேண்டும், பிறகு அதையே புத்தகப் பேச்சில் சொல்ல வேண்டும். வாயைத் திறக்கவே பயந்த பிள்ளைகள் பலர் இப்படித்தான் பேச ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் யூடியூப் சேனல்காரர் ஒருவர், பள்ளியைப் பாராட்டி வீடியோ போடப்போவதாகச் சொல்லி வந்தார். நானும் பல்லை இளித்துக்கொண்டு வரவேற்றேன். காலை பத்து மணி இருக்கும். கேமராவைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி ஸ்டாண்டில் ஓடவிட்டுவிட்டு ஒரு பெஞ்சைத் தாண்டினார். பேன்ட் டர்ரென்று கிழிந்தது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஊக்கு தேடிக் கொடுத்தவளும் நான்தான்.

மார்க்கெட்டில் நண்டு விற்கும் அம்மாவுக்குக் கடை போட்டுக் கொடுத்துவிட்டு, அன்று தாமதமாக வந்தாள் ஒரு மாணவி. வகுப்பிலேயே நன்றாகப் பேசுகிறவள். அவளைத்தான் கேமரா முன்னால் நிறுத்தினேன். சேனல்காரர் நண்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார்.

"நண்டு கவ்விகிச்சுனா வுடவே வுடாது. எங்க நைனா கையில இன்னும் தழும்பு கீது" என்றாள். பிறகு அதையே புத்தகப் பேச்சில் அழகாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

'தமிழே தெரியாத வடசென்னைப் பிள்ளைகள்' என்ற தலைப்பில் வீடியோ வந்தது. அவள் பேசியதில் முதல் பாதி மட்டும் இருந்தது. "தழும்பு கீது" என்று அவள் முடித்த அடுத்த நொடி, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

அவளுடைய அம்மா நண்டுக் கூடையோடு பள்ளி வாசலுக்கு வந்தார். "உன்ன நம்பித்தான டீச்சர் வுட்டேன்? பொண்ணு வாயே தொறக்க மாட்டேன்றா."

உண்மைதான். தண்ணீர் குடிக்கப் போனபோது எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரித்ததாக அவள் நம்பிவிட்டாள். நான் சொன்னேன், தோழிகள் சத்தியம் செய்தார்கள். எதுவும் அவளிடம் எடுபடவில்லை. வீடியோவில்தான் இருக்கிறதே! அந்த ஆளை நாலு பேர் முன்னால் நிற்க வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

தமிழ் வகுப்பில் அந்த வீடியோவையே பாடமாக்கினேன். முதலில் அவளிடம் சம்மதம் கேட்டேன். சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். யார் எடுத்தது, எதற்காக எடுத்தது, எது விட்டுப்போயிருக்கிறது என்று கரும்பலகையில் எழுதினேன். விடையை நான் சொல்லவில்லை. தினம் ஒருமுறை ஓட்டினேன், பிள்ளைகள் கண்டதை எழுதினார்கள். நான்காம் நாள் அவள் எழுந்து வந்தாள். வீடியோவை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள். வீடியோவில் அவள் பேசும்போது பின்சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது. சிரிப்பு வரும்போது அதே கடிகாரத்தில் பத்து. அந்தப் பத்தின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தாள். அப்போதும் பேசவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்குச் சேனல்காரரை அழைத்தேன். "உங்கள் வீடியோவைப் பாடமாகவே நடத்துகிறேன், வந்து பார்க்க வேண்டும்" என்றேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முன்வரிசையில் உட்கார வைத்து டீ கொடுத்தேன்.

வீடியோவை ஓட்டி, "தழும்பு கீது" என்ற இடத்தில் நிறுத்தினேன். அவள் எழுந்தாள். "நண்டு கவ்வினால் விடவே விடாது. என் தந்தையின் கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. இது நீங்கள் வெட்டியது" என்றாள். மூன்று வாரம் கழித்து அவள் குரலைக் கேட்கிறேன். பிறகு சிரிப்பு வரும் இடம்வரை ஓட்டச் சொல்லிக் கடிகாரத்தைக் காட்டினாள். "இந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து இல்லை சார். உங்கள் பேன்ட்டைப் பார்த்து."

கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இனிக்கிறது. அவர் முகம் வெளுத்தது. "டெலிட் பண்ணிட்றேன் டீச்சர்" என்றார்.

"இன்னாத்துக்கு அழிக்கறே? மீதியையும் சேத்துப் போடு" என்றார் அவளுடைய அம்மா.

மீதியை அவர் எப்போதோ அழித்திருந்தார். அன்றே வீடியோவையும் தூக்கிவிட்டார். ஆனால் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் புது ஐந்தாம் வகுப்புக்கு முதல் பாடம் அதுதான். கடிகாரத்தைக் கண்டுபிடித்ததும் பேன்ட் கதையையும் மறக்காமல் சொல்வேன்.

அவள் இப்போது எட்டாம் வகுப்பு. அந்தப் பாடம் நடக்கும் நாளன்று வந்து, வெட்டிய பாதியைத் தானே சொல்லிவிட்டுப் போவாள். இந்த வருடம் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "போதும், அவரை விட்டுடலாமா?" என்று கேட்டேன்.

"நண்டு வுடுமா டீச்சர்?" என்றாள்.

வீடியோவை ஓட்டினேன்.