மாஸ்டர் பங்கிட்ட துஆ

எங்கள் திரைச்சீலைக் கடையின் கட்டிங் மாஸ்டருக்குத் துணியை மட்டுமல்ல, துஆவையும் ஆளுக்கு ஏற்றபடி வெட்டத் தெரியும்.

பிற்பகல் அஸர் தொழுகையை மெஷின்களை ஓரம் தள்ளிவிட்டுக் கடையிலேயே சேர்ந்து தொழுவோம். தொழ வைத்ததும் மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பி உட்காருவார். துஆ என்னும் பிரார்த்தனையை அரபியில் ஓதிவிட்டு, புரியாமல் ஆமீன் சொல்லி என்ன பிரயோஜனம் என்று தமிழிலும் சொல்வார். "யா அல்லாஹ், கவலையை விட்டும் எங்களைக் காப்பாத்து" என்னும்போது பார்வை என்மேல் விழும். இஸ்திரி போடும் எனக்கு அப்படி என்ன கவலை என்று எனக்கே தெரியாது. முகம் அப்படி அமைந்துவிட்டது. அடுத்து வரும் இயலாமை கணக்குப்பிள்ளைக்கு. சோம்பல் தன் மச்சினனுக்கு. அடுத்து கோழைத்தனம் வரும். அதற்கு ஆள் அமையாததால் கண்ணை மூடிக்கொள்வார். பார்க்கப் பக்தியாக இருக்கும். கடைசியில் கஞ்சத்தனம் முதலாளியின் நாற்காலிக்கு. அவர் தொழ வந்திருந்தால் மட்டும் ஃபேனுக்கு.

மெஷினில் தைக்கும் அந்த மச்சினன் சோம்பேறி என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் சோம்பலுக்கு அவனைப் போல வாய் நிறைய ஆமீன் சொல்ல ஆள் கிடையாது.

வெல்வெட் துணியை ஒரு பக்கமாகப் பிடித்தால் ஒரு நிறம், தலைகீழாகப் பிடித்தால் வேறு நிறம். அதனால் வெட்டும்போதே பின்பக்கம் சாக்கட்டியால் அம்புக்குறி போட வேண்டும். அது மாஸ்டர் வேலை. தைப்பவன் அம்பைப் பார்த்து இணைப்பான். ஒரு மேடைத் திரைக்குத் துணி வெட்டிய அன்று, மாஸ்டர் கணக்குப்பிள்ளைக்குக் கவனத்தின் அருமையை விளக்கிக்கொண்டிருந்தார். பாதித் துண்டுகளில் அம்பு தலைகீழாக விழுந்துவிட்டது. திரையை மாட்டினால் ஒரு பட்டை சிவப்பு, அடுத்த பட்டை கறுப்பு.

முதலாளி கொதித்துப்போனார். அம்பு போட்டீர்களா என்று மாஸ்டரைக் கேட்டார். போட்டேனே என்றார் மாஸ்டர். பொய்யில்லை. எந்தப் பக்கம் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பின்பக்கம் உள்துணி வைத்துத் தைத்தாயிற்று, பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. தைத்தவன்தான் தூங்கி வழிந்திருப்பான் என்று முடிவாயிற்று. அந்த துஆவைத் தினமும் கேட்ட எங்களுக்கு நம்பவும் சுலபமாக இருந்தது. அம்பைப் பார்த்துத்தான் தைத்தேன் என்று அவன் ஒரு தடவை சொன்னான். இன்றோடு வேலை கிடையாது என்றார் முதலாளி. அவன் மனைவிக்கு அப்போது நிறைமாதம். மாஸ்டர் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று அஸருக்கு முதலாளியும் வந்தார். மச்சினன் கடைசி வரிசையில் தொழுதான், துஆவுக்கு உட்காராமல் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

மாஸ்டர் ஆரம்பித்தார். கவலை என்மேல் விழுந்தது. அன்று நிஜமாகவே கவலைதான். சோம்பல் வந்ததும் அவர் கண் வழக்கமான இடத்துக்குப் போயிற்று. அங்கே ஆள் இல்லை. காலியான இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சொல் வரவில்லை. கையேந்தியபடி காத்திருந்தோம். எனக்குக் கை கடுத்தது. மறந்துவிட்டாரோ என்று முதலாளி தொண்டையைச் செருமி எடுத்துக்கொடுத்தார்.

"கோழைத்தனம், மாஸ்டர்."

மாஸ்டர் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கண்ணை மூடவில்லை.

"அம்பைத் தலைகீழாப் போட்டது நான்தான் முதலாளி. நான் போட்டபடிதான் அவன் தச்சான்."

அந்த மனுஷன்மேல் எனக்கு இத்தனை நாள் இருந்த எரிச்சல் அந்த நிமிஷமே போய்விட்டது. முதலாளி ஏந்திய கையை இறக்கவில்லை.

"மொதல்ல துஆவை முடிங்க," என்றார். "கஞ்சத்தனம் பாக்கி இருக்கு. இன்னிக்கு என்னையே பாத்துச் சொல்லுங்க."

மாஸ்டர் அவரைப் பார்த்தே சொன்னார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மச்சினன்தான் முதலில் ஆமீன் சொன்னான். மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு அவன் உள்ளே வந்து சேர்வதற்குள், நாங்கள் மெஷின்களையெல்லாம், அவனுடையதையும் சேர்த்து, பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டோம்.