கண்ணாடிக் கதவும் கன்னையா சாரின் பம்பையும்

நகரிப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் திங்கள் முதல் சனி வரை அவர் கன்னையா சார், கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமையானால் அதே ஊர் வீடுகளில் அவர் 'ஏய் பம்பை'. இரண்டுக்கும் ஒரே ஆள்தான் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதில் ஊருக்கு ஒரு குழப்பமும் கிடையாது. குழப்பமெல்லாம் கன்னையாவுக்குத்தான், நாற்பத்தாறு வயதில் அது கோபமாக முற்றிவிட்டது.

பம்பை மேளம் அடிப்பது அவருடைய நைனாவின் தொழில். கல்யாணத்துக்கு முன்பு, அந்த வீட்டில் பூவோடும் பொட்டோடும் செத்துப்போனவளைக் கிணற்றடியில் வர்ணித்துக் கூப்பிடுவார்கள். பூவாடைக்காரி என்று பெயர். வீட்டு மனுஷி யார்மேலாவது இறங்குவாள். அவளைக் கரகத்தோடு அழைத்துப்போய்ச் சாமி அறையில் வைக்கும்வரை பம்பை நிற்கக் கூடாது. "இதெல்லாம் நம்புறீங்களா சார்?" என்று பசங்கள் கேட்டால், "பரீட்சைக்கு வராது, உக்காரு" என்பார்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் பாரம்பரிய விழா. பெற்றோர் கமிட்டித் தலைவர் தணிகாசலம், மாந்தோப்புக்காரர், கன்னையாவுக்குச் சால்வை போர்த்தினார். "நம்ம கன்னையா சார் மாதிரி ஆளுங்களாலதான் நம்ம சம்பிரதாயம் உசுரோட கீது" என்றார் மைக்கில். மேடையை விட்டு இறங்கியதும், "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்துடு. பின்பக்கமா வா" என்றார். சாருக்கும் வந்துடுவுக்கும் நடுவே நான்கு படிக்கட்டு.

தணிகாசலத்தின் மகள் தரணிக்கு வியாழக்கிழமை கல்யாணம். அம்மா பொன்னியம்மாள் செத்த ஆறு வருஷமாக அவளுக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கிறது. தேதி நெருங்க நெருங்கச் சோறே இறங்கவில்லை. திருப்பதியில் ஸ்கேனெல்லாம் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். டாக்டர் ஒன்றுமில்லை என்றால், இந்தப் பக்கத்தில் அது பம்பைக்காரனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு.

தரணி கன்னையாவிடம் கணக்குப் படித்தவள். அதனால்தான் ஒப்புக்கொண்டார். உடுக்கை அடிக்கும் தம்பி சந்திரசேகரிடம் பைக்கில் போகும்போதே சொல்லிவிட்டார்: "இன்னிக்கி வாசல்ல நின்னு அடிக்கப் போறதில்ல. கரகத்துக்குப் பின்னாலயே உள்ள போவப் போறேன்."

"உட மாட்டாங்கண்ணா. நைனாவே போனதில்ல."

"நைனா அவங்க புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கலியே."

"நீ சொல்லிக் குடுத்த கணக்குல இது வர்லபோல" என்றான் சந்திரசேகர்.

கிணற்றடியில் பொன்னியம்மாள், தன் தங்கை ரத்னம்மாமேல் வந்தாள். தரணி கரகத்தைத் தூக்கிக்கொண்டு முன்னே போக, ரத்னம்மா ஆடிக்கொண்டு உள்ளே போக, கன்னையா படியில் கால் வைப்பதற்குள் தரணியின் அண்ணன் ஹரிபிரசாத் கண்ணாடிக் கதவைச் சாத்தினான். ஏசி ஓடுகிறதாம். புது வீடு, கெட்டிக் கண்ணாடி. வெளியே பம்பை கிழியக் கிழிய அடித்தும் பயனில்லை. ஹால் நடுவே ரத்னம்மா நின்று கண்ணைத் திறந்து, "இன்னாடி, எல்லாரும் என்னியே பாத்துக்கினு கீறீங்க?" என்று கேட்டாளாம்.

பொன்னியம்மாள் போய்விட்டாள்.

தணிகாசலம் வெளியே வந்தார். "மறுபடி கூப்டு. கதவத் தொறந்தே வெக்கிறோம்."

கன்னையா பம்பைக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். "கரகத்துக்குப் பின்னாலயே பம்பை வரணும். அதான் மொறை."

"இத்தினி வருசமா வெளியதான நின்னீங்க?"

"நின்னோம். அது மொறையில்ல, உங்க வசதி."

ஹரிபிரசாத் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். எந்தச் சிக்கலுக்கும் வழி சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். "சார், ஒரு ஐடியா. நீங்க இங்கயே வாசிங்க. போன்ல லைன் போட்டுடலாம். ப்ளூடூத் ஸ்பீக்கர நான் கரகத்துக்குப் பின்னாலயே தூக்கிக்கினு போறேன். மொறைக்கு மொறையும் ஆச்சி."

கையில் ஸ்பீக்கரோடுதான் வந்திருந்தான். கைக்கு அடக்கமான அந்தக் கறுப்பு டப்பாவுக்கு அந்த வீட்டில் எந்தத் தடையும் இல்லை. அது எந்த ஊரில், யார் கைபட்டுச் செய்தது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. சாமி அறைவரை போகலாம்.

கன்னையாவுக்குக் காது சுட்டது. குரலை மட்டும் வகுப்பறைக் குரலாகவே வைத்துக்கொண்டார்.

"நல்ல ஐடியா ஹரி. உங்கம்மா நம்பர் இருக்குதா? நேரா அவங்களுக்கே போட்டுடலாம்."

ஹரிபிரசாத் முகம் செத்துப்போனது. "ஏய் கன்னையா, வார்த்தையப் பாத்துப் பேசு" என்றார் தணிகாசலம்.

அப்போது தரணி கரகத்தோடு, ரத்னம்மாவையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "சார், நீங்க ஆரம்பிங்க" என்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வராதீங்க என்றும் சொல்லவில்லை. கன்னையா அதையும் கவனித்தார்.

கயிற்றை இறுக்கிக் கட்டினார். தம்பி வர்ணிப்பை முதலிலிருந்து எடுத்தான். ரத்னம்மா மூன்றாம் அடியிலேயே தலையை விரித்துவிட்டாள். கரகம் நகர்ந்தது, ரத்னம்மா நகர்ந்தாள், அவள் குதிகாலுக்குப் பின்னே பம்பை நகர்ந்தது. வாசற்படியில் தணிகாசலம் கையை உயர்த்தினார். பம்பையை நிறுத்தினால் பெண்டாட்டியை நிறுத்தியதாகும். உயர்த்திய கையைச் சும்மா இறக்க முடியாமல், மற்றக் கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

உள்ளே முப்பது அடி. கன்னையா எண்ணிக்கொண்டே அடித்தார். மூன்று தலைமுறை தாண்டாத தூரம் வெறும் வழவழப்பான டைல்ஸ். சாமி அறையில் ரத்னம்மா மஞ்சளைக் குழைத்துத் தரணியின் தொண்டையில் அப்பி, "போய் பொழைடி" என்றாள். தரணி ஓவென்று அழுதாள். ஆறு வருஷத்தில் முதல்முறை என்றார்கள். கரகம் இறங்கியது. பம்பை நின்றது.

அதன் பிறகுதான் சங்கடம். பம்பை நின்றதும் அவர் வெறும் கன்னையா. எல்லோரும் அவர் வெளியே போவதற்கு வழிவிட்டு நின்றார்கள். போயிருக்கலாம்.

"தரணி, கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். தண்ணீர் பிடிக்கிற நேரத்தைவிடக் கூடுதல் நேரம் ஆனது. பேப்பர் கப்பில் கொண்டுவந்தாள். கல்யாண வீட்டில் பேப்பர் கப் சகஜம்தான். ஆனால் தணிகாசலம் கையில் இருந்தது சில்வர் டம்ளர்.

"இதுல வேணாம்மா. சில்வர் டம்ளர்ல கொண்டா."

தரணி கப்போடு அப்பாவைப் பார்த்தாள். கன்னையா பம்பையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். "மெதுவா கொண்டா. எனக்கு நாளைக்குத்தான் ஸ்கூலு" என்றார்.