கதவு நிலையில் ஒரு நாயின் உயரம்

அடி விழுகிற சத்தத்தைவிட, அதற்கு முன்னால் அவர் பெல்ட்டைக் கழற்றுகிற சத்தம்தான் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் வரிசையின் அறைகளைப் பிரித்தது பலகைச் சுவர். அது கூரைவரை போகாது. பக்கத்து அறையில் தீக்குச்சி உரசினால் என் அறையில் கேட்கும். பித்தளை வளையம் கொக்கியிலிருந்து விடுபடும் சிறு கிணுகிணுப்பு, பிறகு தோல் இடுப்பைச் சுற்றி வெளியே வரும் சரசரப்பு. அதற்குப் பின் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

பக்கத்து அறைக்காரர் அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வரிசையே அவரை ஃபிட்டர் என்றுதான் அழைத்தது. சனிக்கிழமை அரைநாள் வேலை. சயானில் ரயில் இறங்கி, மதுவிலக்கு இருந்த அந்த நாளிலும் எல்லோருக்கும் வழி தெரிந்திருந்த ஓர் அறைக்குப் போய்க் குடித்துவிட்டு, வெயில் தாழ்வதற்குள் வீட்டுக்கு வருவார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். உறவு கிடையாது, இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம், அவ்வளவுதான். அக்காவுக்கு இடது காது சரியாகக் கேட்காது. கீழ்வரிசையில் ஒரு பல் கிடையாது. வலது கைக் கட்டைவிரல் மடங்காது. மூன்றுமே சனிக்கிழமைகளில் போனவை.

ஒருமுறை நான் குறுக்கே போனேன். அது அறுபத்திரண்டு அக்டோபர், சீனச் சண்டை தொடங்கிய வாரம். "ஏல, ஒனக்கு இங்க என்னல சோலி?" என்று கேட்டு, என் சட்டைக் காலரைப் பிடித்து, தலையைத் தண்ணீர் டிரம்மின் விளிம்பில் மோதினார். புருவத்தில் போட்ட தையலின் தழும்பு இன்னும் இருக்கிறது. கடுதாசி கொடுக்க வந்த தபால்காரர்கூட நின்று வேடிக்கை பார்த்தார். எதிர்வீட்டு மதனி மட்டும் என் ரத்தத்தைத் துடைத்துவிட்டாள். "புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல போயி நிக்கலாமா? நல்லா வாங்கிக் கட்டிக்கிட்ட" என்றாள்.

நாய்க்குட்டி வந்தது அறுபத்து மூன்று ஜனவரியில், பொங்கல் கழிந்து. அக்கா செம்பூரில் ஒரு பங்களாவில் பாத்திரம் துலக்கினாள். அந்த வீட்டு மேம்சாப்பிடம் சுருட்டை முடி வைத்த, பூடில் என்கிற சாதி நாய் ஒன்று இருந்தது. அது எந்த நாயோடோ சேர்ந்து நான்கு குட்டி போட்டுவிட்டது. கலப்புக் குட்டியை யார் வாங்குவார்கள்? அவற்றை வாளித் தண்ணீரில் அமுக்கச் சொல்லித் தோட்டக்காரனுக்கு உத்தரவு. மூன்றை அவன் அமுக்கிவிட்டான். நான்காவதை அக்கா முந்தானையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டாள்.

அன்றும் சனிக்கிழமை. நான் என் வாசலில் நின்று வேட்டி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, என்ன எழவத் தூக்கிட்டு வந்திருக்க?"

"நாய்க்குட்டி."

"அது கண்ணுக்குத் தெரியுது. யாரக் கேட்டு?"

ஃபிட்டர் உதைக்கக் காலைத் தூக்கிவிட்டார். குட்டி என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. சாம்பல் நிறத்தில், கால்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில்.

"இதோட அப்பன் போலீஸ் நாய் சாதி. சொவரு ஏறிக் குதிச்சு வந்துச்சாம், டிரைவர் சொன்னாரு. வளந்தா ஒங்க இடுப்புக்கு வருமாம்" என்றாள் அக்கா. "இப்பவே தோட்டக்காரனக் கடிச்சு வச்சிட்டு."

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாகத் தரையில் இறங்கியது.

ஏன் என்று எங்கள் வரிசைக்கே தெரியும். சிறுவனாக இருந்தபோது ஃபிட்டரை ஊரில் ஒரு நாய் கடித்திருந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. நாலு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, தினம் ஒன்றாகப் போட்டார்களாம். குடிக்காத நாட்களில் பனியனைத் தூக்கி வயிற்றைக் காட்டி அந்தக் கதையைச் சொல்வார். ரயிலில் கத்தி வைத்திருந்தவனோடு மல்லுக்கு நின்றவருக்கு, அந்த இடம் வரும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

அன்று தொடங்கியது அந்தக் கேள்வி. இது எவ்வளவு வளரும்? குழாயடியில், கக்கூஸ் வரிசையில், என்னைத் தவிர யாரைப் பார்த்தாலும் கேட்டார். எல்லோரும் ஊர் நாய்களை வைத்துத்தான் கணக்குப் போட்டோம். எங்கள் பக்கத்து வேட்டை நாய்க்கு உடம்போடு ஒட்டிய முடி. கண்ணுக்குத் தெரிவதுதான் நாய். குட்டியில் கால் நீளமாக இருந்தால் வளர்ந்து உயரமாக நிற்கும். "காலப் பாத்தா கன்னுக்குட்டி கணக்கா வரும்போலுக்கே" என்றாள் எதிர்வீட்டு மதனி. ஃபிட்டரின் முகம் வெளிறியதைப் பார்த்து அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கறி கேக்கும்வே. நீரு தூங்கும்போது தொடைய மூடிக்கிடும்."

பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் தொழிற்சாலையிலிருந்து தன் மூலைமட்டத்தைக் கொண்டுவந்தார். செங்கோணம் பார்க்கும் இரும்புக் கருவி, ஒரு நூல் பிசகாது என்று பெருமை அடித்துக்கொள்வார். ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. அக்கா நாயைக் கதவு நிலையோடு ஒட்டி நிறுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் எட்டி நின்று, மூலைமட்டத்தை அதன் முதுகுக்கு மேல் பூப்போல வைத்து, நிலையில் பென்சிலால் கோடு போட்டார். அதன்பின் ஒவ்வொரு மாத முதல் ஞாயிறும் ஒரு கோடு. "ஒண்ணரை இஞ்ச் ஏறியிருக்குவே." அடுத்த மாதம், "ரெண்டு இஞ்ச். ஒரு நூல் கூடவே இருக்கும்."

அவர் அக்காவை அடிப்பது குறைந்தது. நின்றுவிடவில்லை, குறைந்தது. கை ஓங்குவார். கை மேலே போனதும் நாய் உறுமும். உடம்பெல்லாம் சிலிர்த்து இரண்டு மடங்காகத் தெரியும். கை இறங்கிவிடும். அந்தக் கை சும்மா இருக்கவில்லை. பானைகள் உடைந்தன. குழாயடியில் ஒரு மராட்டிக்காரரின் தாடையைப் பெயர்த்தார். மார்ச் கடைசியில் உள்ளூர் ரயிலில் இடம் பிடிக்கிற சண்டையில் ஒருவன் மூக்கை உடைத்துவிட்டு, சட்டை முழுக்க அவன் ரத்தத்தோடு வந்து நின்றார். அக்கா அந்தச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள். அவள் உடம்பில் அந்த மாதம் புதுக் காயம் எதுவும் இல்லை.

எனக்குப் புத்தகப் பைத்தியம். கோட்டைப் பகுதியில் வேலை பார்த்ததால், நடைபாதைக் கடைகளில் பழைய புத்தகம் புரட்டுவது வழக்கம். ஏப்ரலில் நாய் வளர்ப்பு பற்றி அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. கலப்பு நாயின் அளவைத் தெரிந்துகொள்ளத் தாய் தகப்பன் இரண்டின் அளவும் தெரிய வேண்டும் என்றது அது. குட்டி பெரும்பாலும் அந்த இரண்டு அளவுக்கும் நடுவில் எங்காவது வந்து நிற்கும். பூடில் சாதியிலேயே மூன்று அளவு உண்டு. சின்ன சாதிக் குட்டி ஒரு வயதுக்குள் வளர்ந்து முடித்துவிடும், பெரிய சாதி அதற்கு மேலும் வளரும். பூடிலின் முடி உதிராது, வெட்டுகிறவரை நீண்டுகொண்டே போகும்.

கடைசி வரியைப் படித்ததும் எழுந்து பக்கத்து அறைக்குப் போனேன். ஃபிட்டர் வேலைக்குப் போயிருந்தார். நாயின் முதுகில் கையை வைத்தேன். விரல்கள் இறங்கின, இறங்கிக்கொண்டே போயின. இரண்டாவது கணு மறைந்த பிறகுதான் எலும்பு தட்டுப்பட்டது. உள்ளே ஒரு கோழியின் உடம்புதான் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா சீப்போடு நின்றிருந்தாள். சனிக்கிழமைகளில் அவள் நாய்க்குத் தலைவாருவதை எல்லோரும் கேலி செய்வோம், சடையும் போட்டுப் பூ வைத்துவிடு என்று. அவள் முடியை அடியிலிருந்து மேல்நோக்கி, பஞ்சு கொட்டுவதுபோலத் தூக்கித் தூக்கி வாரிக்கொண்டிருந்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

"குளிப்பாட்டும்போதே பாத்துட்டேன்" என்றாள். "வெளிய சொல்லிராத தம்பி."

"அப்பன் போலீஸ் நாய்னு அந்த டிரைவர்..."

"டிரைவராவது மண்ணாவது. அப்பன் யாருன்னு ஆருக்குத் தெரியும்? காலத் தூக்கினாரு, வாயில வந்தத சொன்னேன்."

மே மாதத்தில் ஃபிட்டர் என்னிடமே வந்தார். அக்டோபருக்குப் பிறகு அவர் என்னோடு பேசியது அன்றுதான். "நீ படிக்கிறவன்லா. சரியாச் சொல்லு. இன்னும் எம்புட்டு வரும்?"

"பெரிய சாதின்னா ரெண்டு வருசம் வரைக்கும் வளருமாம் அண்ணாச்சி" என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அவர் தன் இடுப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார்.

ஜூலை முதல் ஞாயிறு போட்ட கோடு பதினைந்து இஞ்சில் இருந்தது. அடுத்த சனிக்கிழமை மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. வரிசைக்குள் கணுக்கால் தண்ணீர். அக்கா குழாயடிக்குப் போனதைப் பார்த்து நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, நிரம்பி வழிந்த சாக்கடையில் விழுந்து நீந்தித் திரும்பியது. வாசற்படி ஏறி, கதவு நிலையோடு ஒட்டி நின்று நடுங்கியது. முடியெல்லாம் தோலோடு படிந்து, கண் பிதுங்கி, வால் ஒரு கயிறுபோலத் தொங்க, ஒரு பூனைக்குக் கொஞ்சம் மேல். அதன் பின்னால் ஏணிப்படிபோல ஆறு பென்சில் கோடுகள், கடைசிக் கோடு அதன் தலைக்கும் மேலே.

ஃபிட்டர் தண்ணீரை உழக்கிக்கொண்டு வந்தார். குடித்திருந்தார். வாசலில் நின்று நாயைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். உள்ளே போய் மூலைமட்டத்தை எடுத்துவந்து, இந்தத் தடவை அழுத்தி வைத்தார். நாய் கத்தியது.

"இம்புட்டுத்தானா!" என்று சிரித்தார். சிரிப்பு வரிசை முழுக்கக் கேட்டது. "ஏட்டி! இங்க வா. ஆறு மாசமா எனக்கு வேசமா கட்டுத?"

அக்கா குடத்தோடு வாசலுக்கு வந்தாள். பெல்ட் வளையம் கிணுகிணுத்தது.

ஆறு மாதக் கணக்கையும் அவர் ஒரே மூச்சில் தீர்க்கப் பார்த்தார். நனைந்த தோல் விழுகிற சத்தம் வேறு மாதிரி இருந்தது. நான் ஓடிப் போனபோது அக்காவின் தலைமுடியைக் கையில் சுருட்டி, நெற்றியைக் கதவு நிலையில், அந்தக் கோடுகள் மேலேயே மோதிக்கொண்டிருந்தார். ரத்தம் பென்சில் கோடுகளின் மீது வழிந்தது. நான் அவர் தோளைப் பிடித்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தார், விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பார்த்தேன், நாய் அவர் குதிகாலுக்கு மேல் நரம்பைக் கவ்வியிருந்தது. அவர் காலை உதறினார். அதுவும் கூடவே பறந்தது, சுவரில் மோதியது, வாயை விடவில்லை. குனிந்து மூலைமட்டத்தால் அதை அடித்தார். ஒரு காது கிழிந்து தொங்கியது. அப்போதும் விடவில்லை.

அதற்காகத்தான் அவர் அக்காவின் முடியை விட்டார். அவள் அடுப்பங்கரையிலிருந்து பித்தளை ஸ்டவ்வைத் தூக்கி வந்து அவர் முழங்காலில் போட்டாள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவர் தண்ணீரில் உட்கார்ந்தார். இரண்டாவது அடி பெல்ட் பிடித்திருந்த மணிக்கட்டில் விழுந்தது. மூன்றாவதுக்கு ஓங்கியபோது நான் அவள் கையைப் பிடித்தேன்.

"விடு தம்பி" என்றாள், சாதாரணக் குரலில். பிறகு அவளே ஸ்டவ்வைக் கீழே வைத்தாள். நாயின் வாயை விரல் விட்டுத் திறந்து எடுத்து, காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு, நெற்றி ரத்தத்தோடு மழைக்குள் நடந்து போனாள். யாரும் தடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஃபிட்டரின் காலுக்கும் கைக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள். நாய்க்கடியைப் பார்த்த டாக்டர், ஊசியை உடனே தொடங்க வேண்டும் என்றார். கடித்த நாய் பத்து நாள் கழித்தும் உயிரோடு இருந்தால் மிச்ச ஊசியை நிறுத்திவிடலாம் என்றும் சொன்னார்.

பத்தாம் நாள் அவர் கட்டிலில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒன் கால்ல விழுதேன். செம்பூருக்கு ஒருநடை போயிட்டு வா. அது உசுரோட இருக்கான்னு மட்டும் கேட்டுட்டு வா."

போனேன். பங்களாவின் பின்புறம் தோட்டச் சாமான் அறையை மேம்சாப் அக்காவுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தாள். நாய்க்கு முடியை ஒட்ட வெட்டி, காதில் மருந்து போட்டிருந்தார்கள். அது அக்காவின் பாயில் படுத்து ரொட்டித்துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

அக்கா நெற்றித் தையலைத் தடவிக்கொண்டாள். "செத்துப்போச்சுன்னு சொல்லு."

"அக்கா, அப்பம் அவருக்கு ஊசி..."

"தெரியும். பதினாலும் போடணும். தொப்புளச் சுத்தி."

திரும்பி வந்து, செத்துவிட்டது என்றேன். ஃபிட்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "எப்படிச் செத்துச்சு? நொர தள்ளுச்சா?" என்று கேட்டார்.

"தள்ளுச்சு" என்றேன். அதை அக்கா சொல்லச் சொல்லவில்லை.

கால் கூடிய பிறகு அவர் அம்பர்நாத்துக்கே குடிபோய்விட்டார், நொண்டிக்கொண்டு. செம்பூர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவருக்கு எதற்குப் பயம் அதிகம், செத்த நாய்க்கா, ஸ்டவ்வுக்கா என்று மதனி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஆண்டு பொங்கலுக்கு அக்காவைப் பார்க்கப் போனபோது கையோடு ஒரு மர ஸ்கேல் கொண்டுபோயிருந்தேன். நாய்க்கு ஒரு வயது முடிந்திருந்தது. முடியை நன்றாக அழுத்திவிட்டு அளந்தேன். பதினொரு இஞ்ச், இரண்டு நூல். என் முழங்காலுக்குக் கீழே.

"இனி வளருமா தம்பி?"

"வளராது அக்கா."

"இது போதும்" என்று சொல்லிவிட்டு அவள் பொங்கலை இலையில் வைத்தாள்.

உட்காருவதற்காக நான் இடுப்புப் பெல்ட்டைத் தளர்த்தினேன். வளையம் கிணுகிணுத்தது. கிழிந்த காதை நிமிர்த்திக்கொண்டு நாய் என்னைப் பார்த்து உறுமத் தொடங்கியது. அதன்பின் செம்பூருக்குப் போகிற நாட்களில் நான் பெல்ட் போட்டதில்லை.