அக்கா என்று எழுதியிருந்தது

என் கட்டை விரலில் ரேகை கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அண்டி ஆபீஸில் முந்திரிக் கொட்டை உடைக்கிறேன். கொட்டையின் பால் பட்டுப் பட்டு அழிந்துவிட்டது. ரேஷன் கடை மிஷினில் விரலை வைத்தால் எடுக்காது. துடைத்து வைத்தாலும் எடுக்காது. கடைக்காரர் என் போனுக்கு ஒரு நம்பர் வரவைப்பார். சொல்லுங்கக்கா என்பார். வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பேன். அரிசி கிடைக்கும். மாதாமாதம் இதுதான் பழக்கம்.

எனக்குப் பின்னால் தம்பி பெண்டாட்டி நிற்பாள். அவள் விரலை வைத்த உடனே மிஷின் எடுக்கும். அவள் கையில் குவைத் கிரீம் மணக்கும்.

அந்தக் கிரீமை அனுப்புகிறவள் என் கூடப்பிறந்த தங்கச்சி. அங்கே நர்ஸாக இருக்கிறாள். அவள் பிள்ளை தம்பி வீட்டில் வளர்கிறது. அதனால் பெட்டி அங்கேதான் வரும். போர்வை, பால் பொடி, சோப்பு, சென்ட். ஒரு மதில்தான் நடுவில். டேப்பைக் கிழிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். சோப்பில் இரண்டு எனக்குக் கொடுத்து விடுவார்கள். வாங்கி வைப்பேன். தேய்க்க மாட்டேன். பிள்ளையை வளர்க்கிறவளுக்கு அனுப்புகிறாள், நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தாலும் வயிறு எரிவது நிற்கவில்லை.

என்னிடம் இருந்தது பி.எஃப். பணம் மட்டும். ஒரு பாகத்தை எடுத்துப் பாங்கில் போட்டிருந்தேன். மகளை நர்சிங் சேர்க்க. அவளும் ஒரு நாள் குவைத்துக்குப் போவாள், என் வாசலிலும் ஒரு பெட்டி இறங்கும் என்பது கணக்கு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அண்டி வராமல் ஆபீஸ் அடைத்திருந்த ஒரு நாள். காலையில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்தது. நம்பர் புதிது. படம் தங்கச்சியுடையது, நர்ஸ் உடுப்பில். தமிழில் எழுதியிருந்ததால் என்னால் வாசிக்க முடிந்தது. அக்கா நலமா, இது என் புது நம்பர், உனக்கு மட்டும் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன், வேறு யாருக்கும் அனுப்பவில்லை, யாரிடமும் சொல்லாதே, கஸ்டம்ஸிலிருந்து போன் வரும்.

அவள் இப்படி எழுத மாட்டாள். நலமா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. போன இடத்தில் பேச்சு மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உனக்கு மட்டும் என்ற அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒருவன் கூப்பிட்டான். மரியாதையாகப் பேசினான். பார்சல் கொச்சியில் நிற்கிறது, சின்ன வரி கட்ட வேண்டும் என்றான். ஏ.டி.எம். அட்டையின் முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் கேட்டான். சொன்னேன். போனில் ஒரு நம்பர் வந்தது. கூடவே இங்கிலீஷில் என்னமோ எழுதியிருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்து ஓடாது, நம்பர் ஓடும். சொல்லுங்கம்மா என்றான். ரேஷன் கடையில் வாசிக்கிற மாதிரியே வாசித்தேன்.

இன்னொரு நம்பர் வரும், அதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பார்சல் திரும்பிப் போய்விடும் என்றான்.

அந்த நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் தம்பி பெண்டாட்டி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அவளுக்குத் தெரியாமல் எனக்கு ஒரு பெட்டி வந்து என்ன பிரயோஜனம்? மதில் பக்கம் போய் நின்றேன். குவைத்திலிருந்து எனக்கு வந்த பார்சல்தானே சார் என்று சத்தமாகக் கேட்டேன்.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"யாருட்ட மைனி பேசுதிய?"

தங்கச்சி எனக்கு மட்டும் அனுப்பியிருக்கிறாள் என்றேன். சொல்லும்போது நல்ல சுகமாக இருந்தது. அவள் முகம் மாறியது. பொறாமை என்று நினைத்தேன். ஈரத் துணியைக் கொடியில் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். என் கையிலிருந்த போனை வாங்கி முதலில் லைனைத் துண்டித்தாள். பிறகு மெசேஜை வாசித்தாள்.

"அவ ஒங்கள அக்கச்சின்னுல்லா கூப்பிடுவா. அக்கான்னு ரேஷன் கடக்காரன்தான கூப்பிடுவான்?"

எட்டிப் பார்த்தேன். அக்கா என்றுதான் எழுதியிருந்தது.

"நம்பர் சொல்லிட்டியளா?"

ஒன்று சொன்னேன் என்றேன். இரண்டாவது அப்போதுதான் வந்து கிடந்தது. அந்த இங்கிலீஷை வாசித்துக் காட்டினாள். அவள் பிளஸ் டூ படித்தவள்.

"இத யாருட்டயும் சொல்லாதீங்கன்னுதான் மைனி இதுல எழுதியிருக்கு."

குவைத் பெட்டியைக் கார்கோக்காரன் வாசலில் இறக்கிவிட்டுப் போவான், இத்தனை பெட்டி வந்தும் எவனும் அட்டையையோ நம்பரையோ கேட்டதில்லை என்றாள். இத்தனை பெட்டி என்று அவள் சொன்னது எனக்கு அந்த நேரத்திலும் குத்தியது.

அவளே பாங்குக்குப் போன் செய்து அட்டையை நிறுத்தச் சொன்னாள். போலீஸில் இதற்கென்று உள்ள நம்பருக்கும் கூப்பிட்டுப் புகார் சொன்னாள். பிறகு அவள் ஸ்கூட்டரில் தக்கலைக்குப் போனோம். பாங்கில் பார்த்தார்கள். ஒன்பதாயிரம் போயிருந்தது. மீதி முழுக்க இருந்தது. இரண்டாவது நம்பரைச் சொல்லியிருந்தால் மீதியும் போயிருக்கும் என்றார்கள். ரேஷன் கடையில் விரலுக்குப் பதிலாகச் சொல்கிற நம்பர் வேறு, இது வேறு, போனில் கேட்கிற எவனுக்கும் எந்த நம்பரும் சொல்லாதீர்கள் என்று எனக்குப் புரியும்படி பாங்கில் இருந்த அம்மா சொன்னார். யாரிடமும் சொல்லாதே என்று ஒருவன் சொன்னால் முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

எனக்குப் பக்கத்தில் இருப்பவள் தம்பி பெண்டாட்டிதான்.

ஒன்பதாயிரம் இதுவரை திரும்பி வரவில்லை. மகளை நர்சிங் சேர்த்துவிட்டேன். இப்போதும் புரியாத மெசேஜ் வந்தால் மதில் பக்கம் போய் நீட்டுகிறேன். அவள் வாசித்து, அழிச்சிருங்க மைனி என்பாள். அழிப்பேன். அவளுக்கு வருவதை அவள் என்னிடம் காட்டியதில்லை. காட்ட வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

பாங்குக்குப் போன அன்று சாயங்காலமே தங்கச்சி கூப்பிட்டாள், அவளுடைய பழைய நம்பரிலிருந்து. படத்தை எவனோ எடுத்து வைத்துப் பணம் பிடுங்கப் பார்க்கிறான் என்று தம்பி பெண்டாட்டி சொன்னாளாம்.

"அக்கச்சி, ஒனக்கும் மெசேஜ் வந்துதா?"

"வந்துது."

"நீ நம்பலியே?"

"இல்ல."

நல்ல வேளை என்றாள். பிள்ளையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, தம்பி பெண்டாட்டி என் பேரைச் சொல்லவில்லை.

தெருவில் சொல்வாள் என்று காத்திருந்தேன். ஒரு வாரம் பார்த்தேன். ஆபீஸில் யாரும் என்னைக் கேட்கவில்லை. தம்பிகூட ஒன்றும் கேட்கவில்லை. அவள் சொல்லியிருந்தால் அவளைத் திட்ட எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவள் இடத்தில் நான் இருந்தால் அன்றைக்கே பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன்.

அவள் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.