டெக்கில் ஓடிய என் பேச்சு

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் வானியல் ஆராய்ச்சியில் நான் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்போது எங்கள் ஊர்ப் பக்கமே ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தது. கட்டுரை எழுதுவது எப்படி, வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி, மாநாட்டில் எழுந்து நின்று பேசுவது எப்படி என்று புதிதாக வானியலுக்கு வந்தவர்களுக்கு ஒரு வாரம் சொல்லிக்கொடுக்கிற ஏற்பாடு. ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய ஒரு கல்லூரி கோடை விடுமுறையில் காலியாகக் கிடந்தது. பிளவக்கல் அணைப் பக்கம் வானம் நல்ல இருட்டாக இருக்கும், ஒரு சாயங்காலம் தொலைநோக்கியோடு போய் வரலாம் என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அறிவிப்புப் பலகையில் அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷத்தைவிடக் கலக்கம்தான் வந்தது. வேறு ஊர் என்றால் நான் யாரோ ஒருத்தி. இங்கே அப்படியில்லை. ராஜபாளையத்தில் அப்பா ஃபிட்டராக வேலை பார்க்கிற நூல் மில்லுக்கும் அந்தக் கல்லூரிக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. அம்மா தளவாய்புரத்துப் பெண். வீட்டிலேயே மிஷின் போட்டுப் பாவாடை தைத்துக் கொடுப்பாள். நான் எழுந்து நின்று பேசப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்தால் அன்றைக்கே தளவாய்புரத்துக்கும் தெரிந்துவிடும். ஆகவே, பேச்சைப் பற்றி மூச்சுவிடாமல், விடுதியிலேயே தங்க வேண்டும், முடிந்த பிறகுதான் வீட்டுக்கு வருவேன், அதுவரை யாரும் பார்க்க வர வேண்டாம் என்று எழுதிப்போட்டேன்.

என் ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவள். கல்லூரியிலும் பாடம் ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கும், விளக்கம் தமிழில் நடக்கும். ஆங்கிலச் சொற்கள் எனக்குக் கண் வழியாக வந்தவை, காது வழியாக வந்தவை அல்ல. ஆராய்ச்சிக்குப் போன இடத்திலும் கம்ப்யூட்டர் அறை, என் மேஜை, விடுதி என்று மூன்று இடத்துக்குள்ளேயே இருந்துகொண்டேன். என் வழிகாட்டி தஞ்சாவூர்க்காரர். என்னோடு தமிழில்தான் பேசுவார்.

பட்டறைக்கு வந்தவர்கள் கல்கத்தா, பூனா, டெல்லி, கேரளம் என்று பல இடத்துக்காரர்கள். எல்லாரும் என் வயதுதான், ஆனால் ஏற்கெனவே நாலைந்து கூட்டங்களில் ஒருவரையொருவர் சந்தித்தவர்கள் மாதிரி வந்த அன்றே கலகலப்பாகிவிட்டார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்க பம்பாயிலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார். நரைத்த கிராப், கைத்தறிச் சேலை, நிதானமான குரல். அவர் வைத்த முறை இதுதான்: ஒவ்வொருவரும் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும், அதை வீடியோ எடுப்பார்கள், உடனே அதைத் தொலைக்காட்சியில் போட்டு எல்லாரும் சேர்ந்து பார்த்து நிறைகுறை சொல்வார்கள்.

வீடியோ எடுக்க வந்தவரைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ராஜபாளையத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவர். என் அண்ணன் கல்யாணத்துக்கும் அவர்தான். கல்லூரியில் அவரை ஒரு வாரத்துக்கு அமர்த்தியிருந்தார்கள். கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நம்ம பாப்பாவா? நீயும் இதுலதான் இருக்கியா? அப்பா ஒண்ணுமே சொல்லலியே."

"அண்ணே, இந்த வீடியோவப் பத்தி வீட்டுல ஒண்ணும் சொல்லிக்கிட வேண்டாம்ணே" என்றேன் மெதுவாக.

"நான் ஏன் சொல்லப்போறேன்" என்றார். அவர் சொல்லாமல் இருக்கமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

என் முறை மூன்றாம் நாள் வந்தது. சில இளம் விண்மீன்களைச் சுற்றித் தூசியும் பாறைத் துணுக்குகளும் ஒரு தட்டுப்போல் சுற்றிக்கொண்டிருக்கும். அதுதான் என் ஆராய்ச்சி. கோள்கள் உருவாகும்போது மோதிச் சிதறிய மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் அந்தச் சிதறலுக்கு ஒரு சொல் உண்டு. எழுத்தில் அதன் கடைசியில் ஓர் 'எஸ்' இருக்கும். இரண்டு வருடமாக ஆயிரம் தடவை படித்திருந்தேன், எழுதியிருந்தேன். வழிகாட்டி அதைச் சொல்லவே மாட்டார், 'டஸ்ட்' என்பதோடு நிறுத்திக்கொள்வார். நான் அதை 'டெப்ரிஸ்' என்றுதான் மனதுக்குள் வாசித்துக்கொண்டிருந்தேன். 'டெப்ரீ' என்று சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

பேசும்போது நன்றாகத்தான் பேசுகிறேன் என்று நினைத்தேன். ஓவர்ஹெட் புரொஜெக்டரில் தாள்களை ஒழுங்காக மாற்றினேன். முன்வரிசையில் கல்கத்தாப் பையன் ஒருவன் தலையைக் குனிந்து பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தான். அதற்கு நான் அர்த்தம் ஒன்றும் கற்பித்துக்கொள்ளவில்லை.

பிறகு கேசட்டைப் போட்டார்கள். தொலைக்காட்சியில் நான் வந்தேன். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய ஜடை, தோளில் குத்திய பின் வெளியே தெரிய ஒரு சேலை. டெப்ரிஸ் என்றேன். மறுபடி டெப்ரிஸ். என் தலைப்பே அதுதான், தவிர்க்க வழியில்லை. அம்மையார் ஓரிடத்தில் நிறுத்தினார். பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். என் உதவிக்காகத்தான் அப்படிச் செய்தார், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. "கவனி" என்றார். டெப்ரிஸ். மறுபடி பின்னால் ஓட்டினார். டெப்ரிஸ். மூன்றாவது தடவை யாரோ ஒருத்தரால் அடக்க முடியாமல் போய்விட்டது. ஒருத்தர் சிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். அம்மையாரும் வாயைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று சொல்லித்தந்து, என்னையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு சொன்னேன். காது இரண்டும் கொதித்தன.

அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் கிடையாது. அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. யாராவது வேண்டுமென்றே குத்தியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். அன்று மத்தியானம் மெஸ்ஸில், தட்டில் மிஞ்சிய முருங்கைக்காய்ச் சக்கையைக் காட்டி ஒருவன் 'டெப்ரிஸ்' என்றான். மேஜையே சிரித்தது. அவன் என் பக்கம் திரும்பி, தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்றான். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று காட்டுவதற்காக நானும் சிரித்தேன். பாதியிலேயே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அடுத்த நாள் சாயங்காலம் எல்லாரும் பஸ்ஸில் பிளவக்கல் போனார்கள். நான் தலைவலி என்று சொல்லி அறையில் இருந்துவிட்டேன். எங்கள் ஊர் வானத்தை மற்றவர்கள் எல்லாம் பார்த்துவிட்டு வந்து, இப்படி ஒரு இருட்டை எங்கேயும் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிகிற நேரம் அப்பா கல்லூரி வாசலில் நின்றார். மில் சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"வரவேண்டாம்னு எழுதியிருந்தேனேப்பா."

"பார்க்க வரல தாயீ, கூட்டிட்டுப் போக வந்தேன். காலையில மொத பஸ்சுக்கு ஏத்திவிட்டுருதேன். வீட்டுல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காக."

எல்லாரும் என்றால் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்குப் போனதும் புரிந்தது. கூடத்தில் பாய் விரித்திருந்தது. கேசட் போட்டுப் பார்க்க வாடகைக்கு எடுத்த டெக் ஒன்று எங்கள் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள், அப்பாவோடு மில்லில் வேலை பார்க்கிற இரண்டு பேர், தளவாய்புரத்திலிருந்து அத்தை, மடியில் பிள்ளையோடு மதினி. வீடியோக்கார அண்ணன் என் பேச்சை மட்டும் தனியாக ஒரு கேசட்டில் எடுத்து அப்பாவிடம் கொடுத்திருந்தார். காசு வாங்கவில்லையாம். நம்ம ஊர்ப் பிள்ளைக்கு நான் செய்ய வேண்டியது என்றாராம்.

தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. மதினி என்னைத் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள்.

முதலில் ஒரு தாமரை விரிந்தது. அதற்குள்ளிருந்து என் முகம் வந்தது. பின்னால் நாதசுரம். கல்யாணக் கேசட்டுக்குப் போடுவதை அப்படியே போட்டிருந்தார். கூடத்தில் ஒரே சந்தோஷம். பிறகு நான் பேச ஆரம்பித்தேன். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது, ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கோவிலில் மந்திரம் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எம்புட்டு வேகமா பேசுதா பாரு" என்றாள் அத்தை.

பேச்சு அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வீடியோக்கார அண்ணன் கேமராவில் வேறொரு கேசட்டைப் போட்டு அதற்குப் பிறகும் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அம்மையார் கேசட்டைப் பின்னால் ஓட்டியது, எல்லாரும் சிரித்தது, என் முகம், எல்லாமே அதில் இருந்தது. நான் சிரிக்கிற இடத்தில் கேமரா நெருங்கி வந்து நிற்கிறது. திரையில் இருந்தவர்கள் சிரித்ததும் எங்கள் கூடத்திலும் சிரித்தார்கள். நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள்.

"நம்ம பிள்ள பேச்சுக்கு டெல்லிக்காரன்லாம் சிரிக்கான்யா" என்று மில்காரர் ஒருவர் அப்பாவின் தோளைத் தட்டினார். அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பெருமையில் கலங்கிய கண்.

அந்த நிமிடம் எனக்கு வந்த அவமானத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கல்லூரியில் பட்டது ஒரு மாதிரி. அங்கே சிரித்தவர்களுக்குக் காரணம் தெரியும். இங்கே, என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்போடு சேர்ந்து என் சொந்த சனம், ஒன்றும் தெரியாமல், என்மேல் உள்ள பிரியத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அப்பாவின் கண்ணில் இருந்தது போய்விடும். பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், வந்து டெக்கின் பொத்தானை அமுக்கினாள்.

"ஏன் நிப்பாட்டுத?" என்றார் அப்பா.

"பிள்ள பசியோட வந்திருக்கா. சாப்பிட்டுட்டுப் பொறவு பார்க்கலாம். இட்லி ஆறிப்போகும்."

சாப்பிட்ட பிறகு அத்தை பஸ்ஸுக்குக் கிளம்ப, ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கேசட் மறுபடி ஓடவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்தில் அம்மா என்னிடம் கேட்டாள்.

"ஏட்டி, அந்தப் பொம்பள உன்னைய என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"நீ சிரிச்சது எனக்குத் தெரியாதா? சின்னதுல ஊசி போடையில அழாம சிரிப்பேல்ல, அதே சிரிப்பு."

சொன்னேன். ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னதையும், ஓட்டி ஓட்டிக் காட்டியதையும், மெஸ்ஸில் நடந்ததையும் சொன்னேன். அம்மா கழுவிய தட்டைக் கையில் வைத்தபடி கேட்டாள்.

"ஒத்த வார்த்தைக்கா?"

"ஆமா."

"ரெண்டு வருசமா அந்த வார்த்தையத்தான படிச்சுக்கிட்டு இருக்க? அங்கன ஒருத்தரும் ஒன்கிட்ட சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் என் ஆராய்ச்சியைப் பற்றி யாரிடமும் நான் ஆங்கிலத்தில் பேசியதே இல்லை. தப்பாகப் பேசிவிடுவோம் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதனால்தான் தப்பு அப்படியே இருந்தது. அம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அப்பாட்ட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை அடுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் கடைசி நாள். எல்லாரும் இரண்டாம் முறை பேச வேண்டும். இந்தத் தடவை சரியாகச் சொன்னேன். ஆனால் அந்தச் சொல் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் நின்று, பார்த்துப் பார்த்துக் கால் வைப்பதுபோல் சொன்னேன். முதல் தடவை சரியாகச் சொன்னபோது கல்கத்தாப் பையன் கை தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். சிரிப்பைவிட அந்தக் கைதட்டல் எனக்குக் கூச்சமாக இருந்தது. பூனாவிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர் மட்டும், அந்தத் தூசித் தட்டின் உள்பக்கம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று நினைக்கிறாய் என்று கேட்டார். அந்த வாரம் முழுவதிலும் என் ஆராய்ச்சியைப் பற்றி எனக்கு வந்த ஒரே கேள்வி அதுதான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். அந்தப் பதிலில் என் உச்சரிப்பு எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை.

பெங்களூர் திரும்பிய வாரமே, விடுதியில் எனக்கு மேல்மாடியில் இருந்த ஆய்வு மாணவியின் கதவைத் தட்டினேன். மலையாளப் பெண். இரண்டு வருடத்தில் அவளோடு நான் பேசியது குளியலறை வரிசையைப் பற்றி மட்டும்தான். என் கட்டுரையிலிருந்து ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கிறேன், தப்பைச் சொல்கிறாயா என்று கேட்டேன். அவள் கட்டிலில் கிடந்த துணியை ஒதுக்கி இடம் கொடுத்தாள். முதல் பத்தியிலேயே வேறு இரண்டு சொற்களில் நிறுத்தினாள். அவளும் ஒரு சொல்லைத் தன் ஊர் வழக்கப்படி சொன்னாள், அதை நான் அகராதியில் பார்த்துச் சொன்னேன். அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு நாளாவது வாசித்துக்கொண்டோம். தைரியம் வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். கேட்பதற்கு ஒரு ஆள் கிடைத்தாள்.

அப்பா அந்தக் கேசட்டைப் பீரோவில் அம்மாவின் பட்டுச்சேலைகளுக்கு மேல் வைத்திருந்தார். விருந்தாளிகள் வந்தால் எடுப்பார். நான் ஊரில் இருக்கும்போது அது ஓடினால் ஏதாவது வேலை சொல்லிக்கொண்டு கடைக்குப் போய்விடுவேன். அவரிடம் நானும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. எனக்கு முனைவர் பட்டம் கிடைத்த வருடம் அவருக்கு மில்லில் ஓய்வு கொடுத்தார்கள். அதற்கு வீட்டில் வைத்த விருந்துக்கும் டெக் எடுத்து வந்து அதைப் போட்டிருக்கிறார். அன்றைக்கு நான் ஊரில் இல்லை. மதினி போனில் சொன்னாள், எல்லாரும் நல்லாச் சிரிச்சாக என்று.