ஏழாம் பாகத்துப் பூனை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் ‘லேபிள் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வருடமாக ரத்தம் எடுக்கிற கை. ஊசியை உருவிய சூட்டோடு, ஆள் நாற்காலியை விட்டு எழுவதற்குள், குழாயில் பெயர், வயது, மணி, தன் முதலெழுத்து நான்கையும் எழுதிவிடுவாள். “பேர் எழுதாத குழாய்ல இருக்கறது ரத்தம் இல்ல, சிவப்புத் தண்ணி” என்பாள். அடிக்கடி வரும் நோயாளிகளுக்கு இது மனப்பாடம்.

வீட்டு அலமாரியின் மேல்தட்டில் பதின்மூன்று கேசட்டுகள் இருந்தன. பத்தொன்பது வயதில், வியாழன்தோறும் மாலை ஆறரை மணிக்கு, வானொலிக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்த தொடர் நாடகம். பெயர் ‘பாதிப் பாலம்’. கட்டி முடிக்காத ஒரு பாலத்தின் காவல் அறையில் தனியாக இருக்கும் பெண்ணின் கதை. ஒரே ஒருமுறைதான் ஒலிபரப்பானது. பிறகு அந்த வானொலி நிலையத்தை ஒரு கம்பெனி வாங்கியது. நாடகம் கிணற்றில் போட்ட கல்லாயிற்று.

கேட்டவர்களுக்கெல்லாம் அவள் பிரதி எடுத்துக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை, ஒரு சீட்டு வாங்கினாள். ‘இந்த நாடகம் முறையாக வெளிவந்தால் நான் ஒரு பிரதி வாங்குவேன்’ என்று எழுதி, பெயர், முகவரி, தொலைபேசி எண், கையெழுத்து. முதல் சீட்டு அவளுடையதே.

“அக்கா, ஒரு தம்ளர் தண்ணி வேணும். சீட்டு எழுதணுமா?” என்பான் தம்பி. பேருந்துப் பணிமனையில் வேலை. நாற்பத்து நான்கு வயதாகியும் வாய் மட்டும் வளரவில்லை.

“நீ எழுதினாலும் நம்பமாட்டேன். போய் மோந்து குடி.”

அந்த வாய்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். ஏழாம் பாகம் பதிவாகிக்கொண்டிருந்தபோது, பதினோராம் நிமிடத்தில், ஒன்பது வயதுத் தம்பி சமையலறையிலிருந்து கத்தினான்: “அக்கா, கதவைச் சாத்து, பூனை வருது!” அவள் அன்றே கேசட்டின் அட்டையில் எழுதிவைத்தாள்: ‘தம்பி குரல். நாடகத்தில் இல்லை.’ ஆனால் பிரதி வாங்கியவர்கள் இன்னொருவருக்குப் பிரதி எடுத்தார்கள்; பிறகு அது கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. குரல் போன இடமெல்லாம் அட்டை போகவில்லை. தனியாக இருக்கும் நாயகியை ‘அக்கா’ என்று கூப்பிட்டது யார் என்று ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இறந்துபோன தம்பியின் ஆவி என்று ஒருவர் பெயர் போடாமல் நான்கு பக்கம் எழுதினார். அதைப் படித்துத் தம்பிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. அவள் சிரிக்கவில்லை. இருபத்தாறு பேருக்குத் திருத்தம் எழுதினாள். யாரும் நம்பவில்லை.

கம்பெனிக்கு எழுதிய நான்கு கடிதங்களுக்குப் பதிலில்லை. ஐந்தாவதற்கு ‘நேரில் வரவும்’ என்று வந்தது. அரை நாள் விடுப்புப் போட்டு, ஏழாவது கேசட்டையும் சீட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள்.

காப்பகப் பொறுப்பாளரின் அறை முழுக்க இரும்பு அலமாரிகள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்ககிட்ட பன்னிரண்டு ஒரிஜினல் டேப் இருக்கு. ஏழாவது மட்டும் இல்ல.”

“என்கிட்ட இருக்கு.”

“இருந்து என்னம்மா செய்ய? நீங்களேதான் ஊர் பூரா பரப்பிட்டீங்களே. ஓசியில கிடைக்கறத யார் வாங்குவாங்க?”

அவள் பெட்டியை மேசைமேல் வைத்தாள். “இவங்க வாங்குவாங்க. நானூத்திப் பன்னண்டு பேர். நான் பரப்பலைன்னா இப்படி ஒரு நாடகம் இருந்ததே நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்காது.”

அவர் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். “கையெழுத்துப் போடறது என்ன பெரிய வேலை? வாக்கெல்லாம் தண்ணியில எழுதின எழுத்தும்மா.”

“அப்ப சோதிச்சுப் பாத்துடலாம். நீங்களே கண்ணை மூடிக்கிட்டுப் பத்துச் சீட்டு எடுங்க. நான் தொடமாட்டேன். போன் போடுங்க. அஞ்சு பேர் வாங்கறேன்னு சொன்னா நீங்க வெளியிடணும். சொல்லலைன்னா இந்த கேசட்டை இங்கயே வச்சிட்டுப் போறேன். மறுபடி உங்க வாசப்படி ஏறமாட்டேன்.”

அவருக்குச் சுவாரசியம் தட்டியது. பத்துச் சீட்டு உருவினார். போனின் ஒலியை அறைக்கே கேட்கும்படி வைத்தார்.

முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவதை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவதில் ஒரு பெண். “அப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. சீட்டு விஷயம் சொல்லியிருக்கார். நான் வாங்கறேன்.” நான்காவது ஆள், “போன்லயே இருக்கே சார், எதுக்கு வாங்கணும்?” என்று வைத்துவிட்டார். பொறுப்பாளர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் பேனாவால் கையிலிருந்த தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். ஐந்தும் ஆறும் வாங்குவதாகச் சொன்னார்கள். ஏழாவது, தவறான எண். எட்டாவது சரி. ஒன்பதாவது மணி அடித்து ஓய்ந்தது.

சரி நான்கு. மிச்சம் ஒரே சீட்டு.

பத்தாவது குரல் கணீரென்று இருந்தது. “வாங்கறேனே! அந்தப் பூனை வசனம் இருக்கும்ல?”

“எந்தப் பூனை?” என்றார் பொறுப்பாளர்.

“அக்கா, கதவைச் சாத்து, பூனை வருது! நாடகத்துக்கே உயிர் அதுதான் சார். அதை வெட்டினா எனக்கு வேண்டாம்.”

பொறுப்பாளர் போனைக் கையால் பொத்தினார். “அஞ்சாவது ஆள். ‘இருக்கு’ன்னு சொல்லிடவா?”

ஆமென்றால் காரியம் முடிந்தது. ஆனால் முப்பத்தொரு வருடமாகத் தப்பான பெயரில் ஒரு குழாயைக்கூட அனுப்பாதவள் அவள். போன் பக்கம் குனிந்தாள்.

“ஐயா, அது நாடகத்துல இல்ல. நான் பதிவு பண்ணும்போது என் தம்பி கத்தினது. நிஜப் பூனைதான். பால் பாத்திரத்துக்கு வந்தது.”

பொறுப்பாளர் பத்தாவது சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

“தம்பியா?” என்றது குரல். “நீங்க தந்த அட்டையைப் படிக்காம அந்த ஆவிக் கட்டுரை எழுதினது நான்தாம்மா. நாலு பக்கம்!” பிறகு வெடிச்சிரிப்பு. “போச்சு, என் மானமே போச்சு. சரி, வெட்டாதீங்க. ஆனா தம்பின்னு எழுதிப் போடுங்க. எழுதிப் போட்டா வாங்கறேன்.”

“எழுதாம நான் விடுவேனா?” என்றாள் அவள்.

ஐந்து. பொறுப்பாளர் கவிழ்த்த சீட்டைத் திருப்பி வைத்தார்.

பதினான்கு மாதம் கழித்து நாடகம் குறுந்தகடாக வந்தது. பூனை வசனம் ஒரு நடிகையின் குரலோடு பின்னிக் கிடந்ததால், வெட்ட நினைத்திருந்தாலும் வெட்டியிருக்க முடியாது. உறையின் பின்பக்கம் நடிகர் பட்டியலுக்குக் கீழே ஒரு வரி: ‘ஏழாம் பாகம், பதினோராம் நிமிடம்: நாடகத்தில் இல்லாத குரல். பதிவு செய்தவரின் தம்பி, வயது ஒன்பது.’

கம்பெனி அவளுக்கு ஒரு பிரதியை இலவசமாக அனுப்பியது. அதைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, கடைக்குப் போய் ஒன்றை வாங்கினாள். வந்து முதல் சீட்டில் ‘வாங்கினார்’ என்று எழுதித் தேதி போட்டாள்.

வாங்கியவர்கள் சொல்லச் சொல்ல, ஆறு மாதத்தில் இருநூற்று இருபத்தொன்பது சீட்டுகளில் அப்படி எழுத முடிந்தது.

“பாதிப் பாலம் தாண்டியாச்சு, போதும் விடு” என்றான் தம்பி.

“பாதியில விடறதுக்கா கட்டினேன்?”

மீதி நூற்று எண்பத்து மூன்று பேருக்கும் நினைவூட்ட, ஒரு கட்டு அஞ்சல் அட்டைகளை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் அட்டை, ‘போன்லயே இருக்கே’ என்ற அந்த நான்காவது ஆளுக்கு.