காட்சிக்கு வைத்த குழாய்

கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்று காபிக் கடையாகியிருக்கிறது. கூடத்தின் நடுவே, தனி விளக்கு வெளிச்சத்தில் ஒரு தெருக்குழாய் நிற்கிறது. கறுப்பு வார்னிஷ் பூசிய வார்ப்பிரும்பு. தொடாதீர்கள் என்று ஆங்கிலத்தில் ஓர் அட்டை வேறு. அதன் பக்கத்தில் நின்று இரண்டு பேர் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் தண்ணீர் கேட்கிறேன். காசு கொடுத்து வாங்கும் பாட்டில்தான் இருக்கிறதாம்.

மேசை துடைக்கும் பெண் என் தமிழைக் கேட்டு அருகே வருகிறார். பெயர் ரஷீதா, இந்த ஊர்க்காரர்; மலையாளம் கலந்த தமிழில் பேசுகிறார்.

"இது எங்க தெருவுல நின்ன பைப்பாக்கும், சாரே. ரோட்டுப் பணின்னு சொல்லிப் பிடுங்கினாங்க. திரும்ப வைப்போம்னாங்க."

"யாருங்க வித்தது?"

"ஆருக்குத் தெரியும்? பொதுமுதல், பொதுச்சொத்துன்னா எல்லாருக்கும் உள்ளதல்லே? விக்கும்போ மட்டும் எங்ககிட்ட ஒருத்தரும் கேக்கல."

"இப்ப தண்ணிக்கு என்ன பண்றீங்க?"

"லாரி வரும். வந்தா வந்தது."

அரசாங்கத்துக்கு எதையும் நடத்தத் தெரியாது, தனியாரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று ரயிலில் எனக்கு வகுப்பெடுத்த கனவானை இங்கே கூட்டிவந்து காட்ட வேண்டும். எவ்வளவு அருமையான நிர்வாகம்! குழாய் பளபளக்கிறது. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

வெளியே தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்கிறது. ரஷீதா வாசலைப் பார்க்கிறார், பிறகு கல்லாவில் இருக்கும் முதலாளியைப் பார்க்கிறார். வேலை முடிய இன்னும் நேரமிருக்கிறது. துணியை மடித்துக்கொண்டு, குழாயின் கைப்பிடியைத் துடைக்கத் தொடங்குகிறார்.